சாய்ந்த கோபுரத்துக்கு யார் பொறுப்பு

ஆற்றங்கரைக் கோட்டை ஒன்றில் ஒரு கோபுரம் சாய்ந்து நின்றது. அடியில் தாத்தார் இன அரசனான கான் போட்ட வெள்ளைக்கல், அதன்மேல் ரஷ்ய ஜார் எழுப்பிய செங்கல், உச்சியில் ஒரு பிறை.

ஒருநாள் மேஸ்திரி, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டோடு வந்தார். "சாய்வுக்கு எவன் காரணமோ அவனைப் பெயர்த்து எறியப் போகிறேன்" என்றார்.

வெள்ளைக்கல் முந்திக்கொண்டது. "என்னைப் பார்க்காதீங்க மேஸ்திரி! இந்த ரஷ்யத் தடியன் ஏறி உட்கார்ந்த நாளிலிருந்துதான் என் இடுப்பு போச்சு."

"அட தாத்தார் சோம்பேறி!" என்று செங்கல் கத்தியது. "நான் நேராத்தான் நிக்கிறேன். மண்ணுக்குள்ள நழுவுறது நீ!"

மேலிடத்தில் கேட்கப்போன மேஸ்திரி, மத்தியானம் வேறு முகத்தோடு திரும்பினார். "ஜனங்கள் வருவதே இந்தச் சாய்வைப் பார்க்கத்தானாம். சாய்த்தவன் இருக்கட்டும், மற்றவனைப் பெயர்க்கிறேன்."

வெள்ளைக்கல் கூச்சமே படவில்லை. "சாய்ச்சது நான்தான் மேஸ்திரி! எங்க கான் காலத்துப் பரம்பரைச் சாய்வு!"

"புளுகாதே! என் கனம் இல்லாம நீ எதைச் சாய்ப்பே?"

"இப்பவே சாய்ச்சுக் காட்டட்டுமா?"

"நீ என்ன காட்டுறது? நான் காட்டுறேன் பாரு!"

இரண்டும் மூச்சைப் பிடித்து முக்கின. கோபுரம் இன்னும் ஒரு முழம் சாய்ந்தது. மேஸ்திரி தூக்குக்குண்டைப் போட்டுவிட்டு ஓடினார்.

உச்சியிலிருந்த பிறை பதறிப்போய், பக்கத்துத் தேவாலயத்தின் சிலுவையை எட்டிப் பிடித்தது. "அண்ணே, விட்டுடாதீங்க! கீழே ரெண்டு பேரும் குலப்பெருமை பேசுறாங்க."

"கெட்டியாப் பிடிச்சுக்கோ தம்பி," என்றது சிலுவை. "எனக்குக் கீழேயும் இதே கூட்டம்தான்."