பலகையில் தொங்கிய பாட்டில்

பாலைவனப் பூங்காவின் வாசலில் நின்ற அறிவிப்புப் பலகைக்குக் கத்திக் கத்தித் தொண்டையே வறண்டுவிட்டது. ‘தண்ணீர் இல்லாமல் உள்ளே போகாதீர்கள்’ என்று பத்து வருஷமாக நெஞ்சில் எழுதிக்கொண்டு நிற்கிறது. அன்று வந்தவன் செல்ஃபிக்கு இடைஞ்சலென்று தண்ணீர் பாட்டிலை அதன் மூலையிலேயே மாட்டினான். படம் எடுத்ததும் பாட்டிலை மறந்துவிட்டு, பலகையடியில் குடியிருந்த ஓணானின் வளையை மிதித்துக்கொண்டு மணலுக்குள் நடந்தான்.

"டேய், பாட்டிலு! பாட்டிலு!" என்று பலகை கதறியது.

"உனக்கு வேற வேலையில்லையா?" என்று எரிந்து விழுந்தது ஓணான். "பெரிய எழுத்துல போட்டதையே படிக்கல. கத்துனா கேட்டுடுவானா?"

உச்சிவெயிலில் அவன் தவழ்ந்து வந்தான். பலகையின் காலைக் கட்டிப் பிடித்து எழுந்து, பாட்டிலைக் காலி செய்தான். மூச்சு வந்ததும், பலகையின் நிழலிலேயே உட்கார்ந்து போனில் கத்தினான்:

"செத்திருப்பேன்டா! எச்சரிக்கைன்னு ஒரு போர்டாவது வச்சிருக்கானுங்களா?"