வரிசையைத் திருப்பிப் போட்டபோது

"குடிகாரனுக்காகவெல்லாம் படகைத் திருப்ப முடியாது!" என்று கத்தினார் தாரி.

ஆனால் அந்தக் கத்தலுக்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

பெரிய தீவில், போர்ட் விலா படகுத்துறை. விடிந்தால் புயல். சின்னத் தீவிலிருந்து கடைசிப் படகும் ஆட்களை இறக்கிவிட்டது. நிவாரண அதிகாரி தாரி, அப்பாடா என்று ஒரு டீயைக் கையில் எடுத்தார். குடிக்க விட்டால்தானே!

"சார், என் புருஷனைக் காணோம்!" இடுப்பில் குழந்தையோடு ஓடிவந்தாள் லெய்மாஸ். "எங்களைக் காலையில ஏத்திவிட்டுட்டு, 'கடைசிப் படகுல வந்துடறேன்'னு சொன்னார்."

"எத்தனை பேருக்கு இடம் கொடுத்தோமோ அத்தனை பேரும் இறங்கியாச்சும்மா. நானே தலையை எண்ணினேன்."

"அப்ப அவர் எங்க?"

தாரி பக்கத்து மேசையைப் பார்த்தார். அங்கே லேப்டாப்போடு ஜொசெலின். ஏதோ கம்பெனியில் ப்ரோக்ராம் எழுதுகிற பெண். புயல் என்றதும் லீவு போட்டுவிட்டு உதவிக்கு வந்தவள்.

"ஏம்மா, உன் பெட்டி என்ன சொல்லுது?"

அவளிடம் இரண்டு வரிசைகள் இருந்தன. படகில் இடம் ஒதுக்கப்பட்டவர்கள் ஒன்று. இங்கே இறங்கிப் பெயர் கொடுத்தவர்கள் இன்னொன்று. முதல் வரிசையில் இருந்தும் இரண்டாவதில் இல்லாதவர் யார் என்று தேடவிட்டாள்.

"ஒரே ஒரு பேர் சார். கலோரிப்."

"அவர்தான் சார்!" லெய்மாஸ் அழுதேவிட்டாள்.

"அவன் வரமாட்டான்" என்றது ஒரு குரல். கடைசிப் படகில் வந்தவர்களில் ஒருவர், மசெங். நனைந்த சட்டையோடு மூலையில் உட்கார்ந்திருந்தார். "காவாங்கிற போதைச் சாறு விக்கிற கொட்டகையில குடிச்சுட்டுக் கவுந்து கெடக்கான். கூப்பிட்டுப் பார்த்தேன். 'போய்யா'ன்னுட்டான்."

"பொய்! சார், இந்த ஆளை நம்பாதீங்க. தோட்டத்து வரப்புக்காக வருஷக்கணக்கா எங்களோட மல்லுக்கட்டுற ஆளு. யோவ், அவர் செத்தா உனக்குக் கொண்டாட்டம்தானே?"

மசெங் நிமிரவே இல்லை. "பார்த்ததைச் சொன்னேன். அப்புறம் உங்க இஷ்டம்."

அப்போதுதான் தாரி அப்படிக் கத்தினார். "வரமாட்டேன்னு அடம்பிடிக்கிறவனுக்காக என் மாலுமிங்க உயிரைப் பணயம் வைக்கணுமா? நடக்காது. கரையில ஏத்திக் கட்டுங்கப்பா படகை!"

ஜொசெலினுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. தலைக்கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால் ஒருவரைக் காணோம். அதெப்படி?

"அடச்சே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஒரு பக்கமாவே தேடிட்டு உட்கார்ந்திருக்கேன் பாரு!"

இரண்டு வரிசைகளையும் இடம் மாற்றிப் போட்டாள். இறங்கியவர் வரிசையில் இருந்தும், இடம் ஒதுக்கப்பட்டவர் வரிசையில் இல்லாதவர் யார்?

திரையில் வந்த பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து தாரியைப் பார்த்தாள்.

"சார்... இடம் இல்லாத ஒருத்தர் படகுல வந்திருக்கார்."

"யாரு?"

"மசெங்."

துறைமுகமே அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தது. தாரி ஒரே எட்டில் போய் அவர் சட்டையைப் பிடித்தார்.

"அடப்பாவி! அவன் இடத்தைப் பிடுங்கிட்டு வந்துட்டு, அவனையே குடிகாரன்னு சொல்றியா?"

"பிடுங்கல சார்." மசெங் இப்போதுதான் நிமிர்ந்தார். "பேர் எழுதினப்ப நான் மலைத் தோட்டத்துல இருந்தேன். ஓடி வந்தா படகு நிறைஞ்சுடுச்சு. அவனாத்தான் இறங்கி, என் கையைப் பிடிச்சு ஏத்திவிட்டான். நெரிசல்ல யாரும் கவனிக்கல."



"இருட்டுறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம் சார். காத்து இன்னும் அடக்கமாத்தான் இருக்கு" என்றபடி படகோட்டி கயிற்றை அவிழ்த்தார். யார் உத்தரவுக்கும் அவர் காத்திருக்கவில்லை. எஞ்சின் உறுமியது.

"நானும் வர்றேன்! அவன் எங்க ஒதுங்கியிருப்பான்னு எனக்குத் தெரியும்" என்று ஓடிப்போய்ப் படகில் ஏறினார் மசெங்.

"ஏறுய்யா, ஏறு. ஆனா இதைச் சொல்லிட்டுப் போ" என்றார் தாரி, கோபம் அடங்காமல். "உன் உயிரைக் காப்பாத்தினவன் மேல ஏன்யா இப்படி ஒரு பழியைப் போட்டே?"

மசெங் உடைந்து அழுதார்.

"அவன்தான் சார் சத்தியம் வாங்கினான். 'நான் குடிச்சுட்டுக் கெடக்கேன்னே சொல்லுங்கண்ணே. உண்மையைச் சொன்னா, எனக்காகப் படகைத் திருப்பிக்கிட்டு வந்து, பாவம், அந்தப் படகுக்காரப் பசங்க கடல்ல மாட்டிக்குவாங்க'ன்னான்."