வாசலுக்கு வந்த நந்தியாவட்டை

குளியலறைச் சுவரோரம் நின்ற நந்தியாவட்டையை, வேரைப் பிடித்திருந்த தாய்மண்ணோடு பெயர்த்து வாசலில் நட்டார்கள். அந்த மண்ணுக்குள் இருந்த மண்புழுவும் கூடவே குடிவந்தது.

வாரம் ஒன்றாகியும் நந்தியாவட்டை அந்தப் பழைய மண்ணைத் தாண்டி ஒரு வேர்கூட விடவில்லை. இலையெல்லாம் வாடித் தொங்க, பக்கத்து ரோஜாவிடம் ஒரே புலம்பல்.

"அங்கே என்ன வெயிலு, என்ன காத்து! தண்ணி தேனா இனிக்கும்!"

மண்புழுவுக்கு நினைவிருந்ததெல்லாம் உடம்பெரியும் சோப்புத் தண்ணீரும் நாளெல்லாம் நிழலும்தான்.

"இவன் அங்கேயே பொறந்தவன். நீயே சொல்லுடா தம்பி, அந்த இடம் மாதிரி வருமா?" என்றது நந்தியாவட்டை.

மண்புழு கொஞ்சம் நெளிந்தது.

"நீ சொல்லச் சொல்ல எனக்கும் அங்கே போகணும்போல இருக்குக்கா. நாம எப்போ அங்கே குடியிருந்தோம்?"