குலுக்கல்

பாத்திரம் யார் கழுவுவது என்பதை, நிகழ்தகவுப் பித்துப்பிடித்த சேவியர் பொழுதுபோக்காகக் கைபேசியில் எழுதிய நிரல்தான் தினமும் குலுக்கிச் சொல்லும். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஓர் எண் விழும், 0.5க்குக் கீழே என்றால் மனைவி பிலோமி, மேலே என்றால் அவன். சோதித்துப் பார்க்க அந்த 0.5ஐ 0.9 ஆக்கியவன் திரும்ப மாற்ற மறந்துபோனான். போன மாதம் கண்ணில் பட்டது. பட்டும் விட்டுவைத்தான். “எனக்கு ராசியே கிடையாதுங்க” என்று சிரித்துக்கொண்டே அவள் கழுவப் போவாள். அவள் விரலிடுக்கில் சோப்பு அரித்த புண்ணைப் பார்த்து, இன்று காலைதான் திருத்தினான். மதியம் சாப்பிட்டு எழுந்ததும் பிலோமி பொத்தானைத் தட்டினாள். அவன் பெயர் வந்தது.

“அடடா, இன்னிக்குன்னு பாத்து உங்களுக்கு விழுதே! காலையிலேர்ந்து உங்க முகமே சரியில்ல. போய்ப் படுங்க, நான் கழுவிடுறேன்.”

எச்சில் தட்டை அவன் விடவில்லை. அவள் சிரித்தபடி இழுத்தாள்.