துபாய்ப் பெட்டி

திருத்துறைப்பூண்டி வீட்டுக் கூடத்தில் அண்ணன் மீரா உசேன் துபாயிலிருந்து கொண்டுவந்த பெட்டியைப் பிரிக்கிறார். நைலான் கயிறு அறுந்ததுமே சோப்பும் சென்ட்டும் கலந்த வாசனை கொல்லை வரைக்கும் போகிறது. பாயில் ஆண்களுக்கு ஒரு குவியல், பெண்களுக்கு ஒரு குவியல். வெளியாட்களுக்கென்று டஜன் கணக்கில் வாங்கிய கோடாலித் தைலப் புட்டிகள் ஓரமாக நிற்கின்றன. பால்காரருக்கு ஒன்று, ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவந்த டிரைவருக்கு ஒன்று. சுவரோரம் உட்கார்ந்திருக்கும் அஃப்ரீன் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். இதே வீட்டில் அண்ணனுக்குத் தம்பியாகப் பிறந்து இர்பான் என்று பெயர் வைக்கப்பட்டவள். நான்கு வருஷம் கழித்து இன்றுதான் படியேறியிருக்கிறாள். அண்ணன் மனைவி ஷம்சாத் ரோஜா நிறச் சேலை ஒன்றை அவள் பக்கம் நகர்த்துகிறாள். “இத அவ எடுத்துக்கட்டும். ஆசையா பாக்குறால்ல?” அம்மா சேலையை இழுத்துக்கொண்டு, கோடு போட்ட சட்டைத் துணியை அங்கே வைக்கிறார். “சேலைய குடுத்து தெரு சிரிக்க வச்சிராதம்மா. என் புள்ள கல்லடி படாம இருக்கணும்.” “சட்டத்துணிய குடுத்தா மட்டும் வலிக்காதா மாமி?” இருவர் கண்ணிலும் நீர் கட்டியிருக்கிறது. இருவரும் அண்ணனைப் பார்க்கிறார்கள். அஃப்ரீனை யாரும் கேட்கவில்லை. ஜன்னல் வெயில் சேலைமேலும் துணிமேலும் ஒன்றுபோல் கிடக்கிறது. யார் மனமும் நோகக் கூடாதென்று அண்ணன் இரண்டையும் பெட்டிக்குள் திருப்பி வைக்கிறார். ஓரத்திலிருந்து ஒரு தைலப் புட்டியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக, அன்பாக மூடுகிறார். “வச்சுக்க. தலவலிக்கு நல்லா கேக்கும்.”