ஆறாத டைனோசர்

1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் காசு போட்டால், இயந்திரம் கண்ணெதிரே ஒரு பச்சை பிளாஸ்டிக் டைனோசரை வார்த்துத் தரும். சூடு ஆறும்வரை அதைத் தலைகீழாகப் பிடித்திருக்க வேண்டும், அமுக்கக் கூடாது. காசிமிரின் தங்கை வாண்டாவுக்கு அப்போது ஐந்து வயது, பொறுமை ஏது? வாங்கிய கையோடு கட்டைவிரலால் அமுக்கி வயிற்றில் குழி விழ வைத்துவிட்டாள். அந்த டிசம்பரில் காய்ச்சலில் போய்விட்டாள்.

அதிலிருந்து காசிமிர் அந்தக் கண்காட்சிப் பொருள்களாகச் சேர்க்கிறார். தட்டு, கொடி, சாவிக்கொத்து எல்லாம் உண்டு. கீறல்கூட இல்லாத ஒரு டைனோசர் நேற்றுதான் கிடைத்தது. கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

காலையில் மனைவி லொரெய்ன் கத்தினாள்.

"உங்க குப்பையில எதையாவது அடுப்புல வெச்சீங்களா? உருகின பிளாஸ்டிக் வாடை வீடு பூரா!"

"எல்லாம் பூட்டித்தான் இருக்கு. நீ எதையாவது தொட்டியா?"

"எனக்கு வேற வேலை இல்ல பாருங்க! சாவி உங்க கழுத்துலதானே தொங்குது?"

அலமாரியைத் திறந்தார். டைனோசர் கையைச் சுட்டது. வயிற்றில் ஒரு குழி. தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். நுனிகூட உள்ளே போகவில்லை.

ஆறட்டும் என்று தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். மத்தியானம் லொரெய்ன் சாப்பிடக் கூப்பிட்டபோதும் அது ஆறியிருக்கவில்லை.