மணி அடிக்கும் வரை

அவள் காரின் பேட்டரியிலிருந்து நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, முனையில் துணியைச் சுற்றி, ஸ்பேனரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். பிறகு டிரைவர் பக்கக் கதவில் முதுகைச் சாய்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நின்றாள் என்றால் நின்றாள்தான். வேறு ஒன்றும் செய்யவில்லை.

செய்யக் கூடாது. ஸ்டியரிங்குக்குள் ஏர்பேக் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றினாலும் உள்ளே ஒரு பெட்டியில் கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்கும். பையை வெடித்து விரிய வைக்க அந்தக் கொஞ்சம் போதும். அது வடியப் பத்து நிமிஷம் விட வேண்டும். அதுவரை ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் ஒயரில் கை வைக்கிறவனைப் போல முட்டாள் உலகத்தில் இல்லை.

ரேக்கின் மேல் சமையலறை டைமர் ஒன்று டிக்டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. பத்துக்குத் திருகி வைத்தவள் அவள்தான். முட்டை வெந்துவிட்டதா என்று பட்டறையில் கேலி செய்வார்கள். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன கேலி.

பக்கத்து மேஜையையும் துடைத்து வைத்திருந்தாள். கழற்றிய ஏர்பேக்கை அதன் மேல் மல்லாக்க வைக்க வேண்டும். குப்புற வைத்து அது வெடித்தால் கூரைக்குப் பறக்கும்.

அவள் தயார். நேரம்தான் தயாரில்லை.

வண்டிக்காரர் டிராவல்ஸ் நடத்துகிறவர். டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது என்று காலையிலேயே வந்துவிட்டார். பதினொரு மணிக்கு வண்டி விமான நிலையத்தில் நிற்க வேண்டுமாம். இந்த வேலை பிடித்துப்போனால் மற்ற பன்னிரண்டு வண்டியும் இனி இந்தப் பட்டறைக்குத்தான் என்று வேறு ஆசை காட்டியிருந்தார்.

பட்டறை அவளுடைய அண்ணனுடையது. கூடப்பிறந்தவர். நல்ல காலம் வந்து கதவைத் தட்டும்போது இவள் கதவில் சாய்ந்துகொண்டு நிற்கிறாளே என்று அவருக்கு வயிற்றெரிச்சல்.

கத்தினார். அவர் கத்துவது புதிதில்லை. தெருவில் அவருக்கு ஸ்பீக்கர் என்றே பட்டப்பெயர். ரகசியம் சொன்னாலும் தெருமுனை வரை கேட்கும்.

ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

டிராவல்ஸ்காரர் அண்ணனின் இடதுபக்கம் வந்து, இதில் அப்படி என்னதான் ஆபத்து என்று மெதுவாகக் கேட்டார். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனிதருக்கு முகம் சுண்டிப்போயிற்று. என்ன திமிர் என்று முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்து எதிரே போய் நின்றார்.

அண்ணன் கதவருகே வந்து தங்கையை நகரச் சொன்னார். நகரவில்லை. நானே கழற்றிக்கொள்கிறேன் என்றார். அதற்கும் நகரவில்லை. இந்த ஆள் கை நழுவிப் போனால் நாளையிலிருந்து நீ வீட்டோடு கிட, வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்றார்.

அண்ணன் சொன்னால் செய்கிற ஆள். இந்தப் பட்டறையை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. ஒரு பெண்ணின் கையில் ஸ்பேனரைக் கொடுக்க ஊரில் யாருக்கும் மனசில்லை என்பது நாலு இடம் ஏறி இறங்கியபோதே தெரிந்துபோன விஷயம்.

போனால் போகட்டும்.

அவர் முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்.

“பத்து நிமிஷம் ஆகாம என் கையும் உள்ள போகாது. உங்க கையும் போகாது.”

அண்ணன் டிராவல்ஸ்காரரைப் பார்த்துச் சிரித்தார். நெஞ்சில் தட்டிக்கொண்டார்.

“இருபது வருஷமா நான் ஒரு நிமிஷம்கூடக் காத்திருந்ததில்ல சார். எனக்கு என்ன ஆயிடுச்சு? நல்லாத்தானே இருக்கேன்?”

பதில் அவளுடைய நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம். சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

வெளியாள் முன்னால் சொல்லவில்லை. மென்று விழுங்கினாள். ஆனால் கதவை விட்டு மட்டும் அசையவில்லை.

டைமர் அடித்தது.

கிர்ரென்று நிற்காமல் அடித்தது. மூலையில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார். டிராவல்ஸ்காரர் திடுக்கிட்டு ரேக்கைப் பார்த்தார்.

அண்ணன் திரும்பவில்லை.

டைமர் அவருடைய முதுகுக்குப் பின்னால் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் தன் கைராசியைப் பற்றியும் தங்கையின் பிடிவாதத்தைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார்.

டிராவல்ஸ்காரர் டைமரைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். இன்னொரு தடவை டைமரைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே போல ஒரு அவசரத்தில் அண்ணன் மஞ்சள் ஒயரைப் பிடுங்க, ஏர்பேக் வெடித்தபோது அவருடைய இடது காது ஸ்டியரிங்குக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அந்தக் காது அன்றோடு போயிற்று. வலது காதில் பாதிதான் மிச்சம். காய்ச்சலில் போனது என்றுதான் வீட்டில் இன்று வரை பேச்சு. பக்கத்தில் நின்று பார்த்தவள் தங்கை ஒருத்திதான். டைமரை அடுத்த வாரமே வாங்கிவிட்டாள்.

அவள் அண்ணனின் வலதுபக்கம் போனாள். தோளைத் தொட்டாள். அந்தக் காதோரம் குனிந்து, பட்டறைக்கே கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

“மணி அடிச்சிடுச்சு, அண்ணா.”